மாமல்லபுரத்தில் எங்கே சாப்பிடுவது, யாரிடம் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை மாலையானால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். “நாளைக்கு நாலு பேர் வர்றோம், நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது வரும், அதற்கும் சொன்னால் இன்னொன்று. பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது கல்லுக்குப் பக்கத்தில் வாழ்கிற மனிதர்களைப் பற்றி. மீன் பிடிப்பவர்கள், அதை விற்பவர்கள், சமைப்பவர்கள், கல் கொத்துபவர்கள், பாம்பு பிடிப்பவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு சங்கமோ பஞ்சாயத்தோ இருக்கிறது. நீங்கள் செலவழிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று தெரிந்தால் சாப்பாடும் வேறு மாதிரி ருசிக்கும் என்று நான் நம்புகிறேன்.

சுற்றுலா ஊர் என்றாலே விலை அதிகம், ருசி குறைவு என்பார்களே. இங்கேயும் அப்படித்தானா?

எங்கே போய் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோயில் வாசலுக்கு எதிரே அவசரத்துக்குச் சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும். பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களிலும் குப்பத்துப் பக்கத்திலும் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற மெஸ்கள் இருக்கின்றன. அங்கே மதியச் சாப்பாட்டோடு மீன் குழம்பு ஊற்றுவார்கள், வறுவலுக்கு மட்டும் தனி விலை. குழம்பு பெரும்பாலும் தேங்காய் போடாத புளிக்குழம்பு, மாங்காய் சீசனில் இரண்டு துண்டு மாங்காயும் கிடக்கும். பன்னிரண்டரைக்குப் போனால் எல்லாம் இருக்கும். இரண்டரைக்குப் போனால் ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். சிற்பக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் கையில் கல் தூசியோடு வந்து உட்காருகிற கடை எதுவோ, அங்கே நம்பிச் சாப்பிடலாம். அவர்கள் தினமும் அங்கேயே சாப்பிடுகிறவர்கள். ருசி கெட்டால் மறுநாள் வரமாட்டார்கள்.

ஒத்தவாடைத் தெரு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகளும் மாடி உணவகங்களும் நிறைந்த தெரு. வாடை என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஒரு பக்கம் மட்டும் வீடு இருந்த தெருவை ஒற்றை வாடை என்பார்கள், அது பேச்சில் ஒத்தவாடை ஆகிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் கடைகள்தான். மூன்ரேக்கர்ஸ் போன்ற பழைய உணவகங்கள் இந்தத் தெருவில்தான் பெயர் எடுத்தன. சாயங்காலமானால் வாசலில் தட்டில் ஐஸ் பரப்பி வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால், நண்டு, கணவா என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கையைக் காட்டினால் எடை போட்டு, கேட்டபடி சமைத்துத் தருவார்கள். காரம் குறைவாக, பூண்டும் வெண்ணெயும் போட்டுச் செய்வது இங்கே பழக்கம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது வசதி. நம் வீட்டு மீன் குழம்பை எதிர்பார்த்து இந்தத் தெருவுக்குப் போகாதீர்கள். அதற்கு, முன்னால் சொன்ன மெஸ்தான்.

எடை போட்டு வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். சொல்கிற விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சமையல் கூலி அதிலேயே சேர்ந்ததா, தனியா? ஒருமுறை என் அண்ணன் குடும்பத்தோடு ஒரு கடையில் விலை கேட்டோம். எண்ணை மட்டும் சொன்னார்கள், நாங்களும் கிலோவுக்கு என்றே நினைத்துத் தலையாட்டிவிட்டோம். அது நூறு கிராமுக்கு. பில் வந்தபோது அண்ணி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன். எல்லாக் கடையும் அப்படி இல்லை. கேட்டால் ஒழுங்காகச் சொல்கிறவர்கள்தான் அதிகம். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் புதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு மீனாக இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். புதிய மீனின் கண் பளிச்சென்று தெளிவாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். பழைய மீனின் கண் உள்ளே குழிந்து மங்கிப் போயிருக்கும். அடுத்து செவுள். தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் வேண்டாம். விரலால் சதையை அழுத்தினால் குழி விழாமல் மேலே எழும்ப வேண்டும். மணம் கடல் மணமாக இருக்கலாம், குமட்டக் கூடாது.

வெட்டி வைத்த வஞ்சிரத் துண்டில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அதனால்தான் மீன் விற்கும் பெண்கள், “தலையோட வாங்கு தம்பி” என்பார்கள். துண்டுதான் வேண்டும் என்றால் உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், உருவத்துக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். இறாலில் தலை கழன்று தொங்கினால் அது நாள்பட்டது. ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கிற இறால் பெரும்பாலும் பண்ணை இறால். அது கெட்டது என்று சொல்லவில்லை, கடல் இறால் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எல்லோரும் வஞ்சிரத்தையே கேட்பதால் அதன் விலை எப்போதும் உச்சியில். சங்கரா, கானாங்கெளுத்தி, மத்தி, காரப்பொடி, நெத்திலி இவையெல்லாம் அன்றைக்குக் கரைக்கு வந்த மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். காரப்பொடியில் முள் இருக்கும், ஆனால் குழம்புக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. சுறாப் புட்டு ஏதாவது கடையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் செய்து தருகிற பண்டம் அது. மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் நிறையப் போட்டு வதக்குவார்கள்.

எந்த நேரத்தில் போனால் படகு வருவதைப் பார்க்கலாம்?

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். இங்கே இருப்பவை பெரிய விசைப்படகுகள் இல்லை, கரையிலேயே இழுத்து நிறுத்துகிற ஃபைபர் போட்டுகள். விடியலுக்கு முன்பே போய்விட்டு வருவார்கள். மீன் மணலிலேயே ஏலம் போகும், கூடையோடு பெண்கள் சுற்றி நிற்பார்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து விலை கேட்காதீர்கள். முடிந்த பிறகு அந்த அக்காக்களிடமே அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்கலாம். படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

வருடம் முழுவதும் மீன் கிடைக்குமா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறார்கள். ஃபைபர் போட்டில் கரைக்கு அருகே மீன் பிடிப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊரில் புது மீன் கிடைக்கும். அளவு குறைவு, சென்னைக்காரர்களும் வாங்க வருவதால் விலை ஏறும்.

உண்மையில் கஷ்டமான காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் நாள் கணக்கில் கடலுக்குப் போக முடியாது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வருகிறவர்கள் “புது மீன் இல்லையா?” என்று கடைக்காரரிடம் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகாத நாளில் அந்த வீட்டில் வருமானம் இல்லை. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு கேளுங்கள், அதுவும் இந்த ஊர்ச் சாப்பாடுதான்.

கடற்கரை மணலில் இருக்கிற வறுவல் கடைகளில் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், எண்ணெயைப் பார்த்துவிட்டு. கருத்துப்போய், நுரைத்துக்கொண்டு, புகை அடிக்கிற எண்ணெய் என்றால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. கெட்டுப்போன துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை, கண்ணும் மூக்கும் போதும். கடாயில் பொரிப்பதைவிட தோசைக்கல்லில் வறுக்கிற கடை நல்லது. தேவையான எண்ணெயை மட்டும் ஊற்றுவார்கள். ரத்தச் சிவப்பாக இருக்கிற மசாலாவில் நிறப்பொடி கலந்திருக்கும். மிளகாய்த்தூளும் மஞ்சளும் மட்டும் போட்ட மீன் வறுத்தால் செம்பழுப்பாகத்தான் வரும்.

சிறு கடைகளுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டு. பதிவுச் சான்றைக் கண்ணில் படும்படி வைத்திருக்கிற கடை என்றால் எனக்கு ஒரு நம்பிக்கை வரும்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

கவலையே வேண்டாம். தலசயனப் பெருமாள் கோயில் ஊரின் நடுவில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்பதால் வருடம் முழுவதும் யாத்ரீகர்கள் வருவார்கள். அதனால் இட்லி, பொங்கல், மதியச் சாப்பாடு போடும் சைவ ஓட்டல்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றியே கிடைக்கும். கோடையில் நுங்கு, பதநீர் விற்பார்கள். பனை மரங்கள் இந்தக் கரையில் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

உள்ளூர்க்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்?

வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழ். தள்ளுவண்டியில் பானையோடு நிற்பார்கள். சொம்பில் ஊற்றி, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, வேண்டுமென்றால் வறுத்த நெத்திலிக் கருவாடு. கடலுக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கும் கல் கொத்துகிறவர்களுக்கும் வயிறு குளிர வேண்டும், அதற்கு இதுதான் ஏற்றது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். அப்போது வந்தால் காசு வாங்கமாட்டார்கள், நீங்கள் யார் என்றும் கேட்கமாட்டார்கள். ஒரு பாத்திரத்தை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள்.

மீனவர் பஞ்சாயத்து என்கிறார்களே, அது ஊராட்சி மன்றமா?

இல்லை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற உள்ளாட்சி வேறு, இது வேறு. சோழமண்டலக் கரையில் ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று உண்டு. எங்கள் ஊருக்கு வடக்கே தேவனேரி, பட்டிபுலம், தெற்கே கொக்கிலமேடு என்று எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். திருமணமான ஆண்களைத் தலைக்கட்டாகக் கணக்கிட்டு வரி வாங்குவார்கள். அந்த வரியில் கோயில் திருவிழா, கடலில் போனவர் திரும்பாவிட்டால் தேடுகிற செலவு, ஊர்ப் பொதுக்காரியம் எல்லாம் நடக்கும். எந்த வலையைப் போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, படகும் படகும் மோதி வலை கிழிந்தால் யார் ஈடு கொடுப்பது என்றெல்லாம் பேசி முடிவு செய்வது அங்கேதான். கடலில் ஒருவர் இறந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அப்படி ஒரு நாளில் நீங்கள் வந்து கரை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்துகொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் நிவாரணப் பொருள்களைப் பங்கிட்டதில் பஞ்சாயத்துகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் திணறியபோது, வரிக் கணக்கு நோட்டு இவர்களிடம்தான் இருந்தது. அதே நோட்டில்தான் குறையும் இருந்தது. வரி ஆண்களின் பெயரில் இருப்பதால் கணவனை இழந்த பெண்களின் குடும்பங்கள் பல ஊர்களில் பங்கில் விடுபட்டுப் போயின. இந்த அமைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கூடை சுமந்து ஊரையே நடத்துகிற பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார இடம் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெண்களுக்கென்று அமைப்புகள் இல்லையா?

இருக்கின்றன. மீன்வளத் துறையின் கீழ் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. சங்க உறுப்பினர்கள் மாதா மாதம் கட்டி 1,500 ரூபாய் சேர்த்தால் அரசு 3,000 சேர்த்து, மீன் குறைவாகக் கிடைக்கும் காலத்தில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகிறது. அதோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் இவை 1989-ல் தர்மபுரியில் தொடங்கின. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். கருவாடு, ஊறுகாய், மசாலாப் பொடி விற்கிற சிறிய கடைகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு குழுவின் கடன் இருக்கும். வாங்கும்போது “எந்தக் குழும்மா?” என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

இருளர் பாம்புப் பண்ணை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது என்ன அமைப்பு?

பலர் இதை வேடிக்கை காட்டும் இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது ஒரு கூட்டுறவுச் சங்கம். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் என்பது பெயர். ஊருக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது.

இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றதும் வாழ்வாதாரம் போயிற்று. பாம்பைக் கொல்வதற்குப் பதிலாக உயிரைக் காப்பாற்ற அவர்களுடைய திறமையைப் பயன்படுத்தலாம் என்று பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையைப் பிடித்து வந்து பானைகளில் வைத்து, விஷம் எடுத்து, மூன்று வாரம் போல வைத்திருந்து காட்டில் திரும்ப விடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் யாரையாவது அந்த ஊசி காப்பாற்றியிருந்தால், அதில் இவர்களுடைய கை இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள், அவர்கள் பார்க்கிற விதமே மாறும். வார விடுமுறை நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாசி மகத்தன்று கடற்கரையில் பெரிய கூட்டம் என்கிறார்களே?

ஆமாம், அதுவும் இருளர்கள்தான். மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்குவார்கள். நான்கு குச்சி நட்டுப் புடவையையோ தார்ப்பாயையோ சுற்றினால் வீடு தயார். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்துப் போக வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் மணலில் படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். காதுகுத்து, மொட்டை, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சொந்தங்கள் கூடுகிற இரண்டு நாள். அன்றைக்கு நாம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குள் நடந்து போகிறோம் என்ற நினைப்போடு தள்ளி நின்று பாருங்கள்.

சிற்பம் வாங்க வேண்டும். எங்கே வாங்குவது?

ஐந்து ரதம் போகிற சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உளிச் சத்தம் கேட்கிற பட்டறைக்கு நேரே போய் வாங்குங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1957-ல் அரசு இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி மையம்தான் பிறகு கல்லூரியாக வளர்ந்தது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். சின்னப் பிள்ளையார் ஒன்று வாங்கினாலும் செய்தவர் பெயரைக் கேளுங்கள். மாக்கல்லா, கருங்கல்லா என்றும் கேளுங்கள். மாக்கல் மென்மையானது, விலை குறைவு. கருங்கல்லில் ஒரு முகம் திறக்க நாள்கள் ஆகும்.

தள்ளுவண்டிக் கடைகளை அடிக்கடி அகற்றுகிறார்களே, அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாதா?

உண்டு. 2014-ல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நகரம், பேரூர் எதுவானாலும் விற்பனைக் குழு ஒன்று அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நினைவுச்சின்னங்களைச் சுற்றித் தொல்லியல் துறைக்குத் தனி விதிகள் உண்டு. அதனால் இங்கே இந்தப் பிரச்சினை சிக்கலானது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது ஊரே பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்தது. உலகமே எங்கள் ஊரைப் பார்த்ததில் பெருமை உண்டு. ஆனால் தினக் கூலிக்கு விற்கிறவருக்குக் கடை திறக்காத ஒவ்வொரு நாளும் கணக்குதான். சங்கு, பாசிமணி, சுண்டல் விற்பவர்களோடு ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள் என்று நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கடல் ஆமையைப் பார்க்க முடியுமா?

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு நடைகளை நடத்துகிறது. இந்தப் பக்கத்துக் கரைகளில் ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே காவலர்களாகச் சேர்த்து முட்டைகளைக் காப்பாற்றுகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இந்தக் கரையெங்கும் செத்து ஒதுங்கியதைப் பார்த்து நெஞ்சு கனத்துப்போனது. கரையில் தங்கினால் இரவில் கடலைப் பார்த்து விளக்கு போடாதீர்கள், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போய் வழி தவறிவிடும்.

அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளலாம். சொல்லித் தருகிறவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், அலையைப் படித்து வளர்ந்தவர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் இங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார்.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

கணுக்கால் வரை நனையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் பாறைகளும் இழுப்பும் இருக்கின்றன. நீச்சல் தெரிந்தவர்களையும் இந்தக் கடல் கொண்டு போயிருக்கிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. அவர்கள் வருவதற்கு முன்னால் ஓடிவருவது பெரும்பாலும் குப்பத்து ஆட்கள்தான். குடித்துவிட்டு இறங்காதீர்கள்.

குப்பையை என்ன செய்வது?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வளர்ந்த ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு இங்கே குப்பையைப் பிரித்து வாங்குகிற வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பச்சைச் சீருடைப் பெண்கள் நம் மீன் முள்ளையும் தண்ணீர் பாட்டிலையும் கையால் பிரிக்கிறார்கள். முள்ளைத் தனியாக, பாட்டிலைத் தனியாகக் கொடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஞாயிறு என்றால் சாலை நிரம்பிவிடும். முடிந்தால் வாரநாளில் வாருங்கள். காலை ஏழரைக்குக் கரையில் படகு பாருங்கள், எட்டரைக்கு இட்லியோ கூழோ. வெயில் ஏறுவதற்குள் கோயிலையும் ரதங்களையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்கு மெஸ்ஸில் சங்கரா வறுவலோடு சாப்பாடு. மூன்று மணிவரை எங்காவது நிழலில் இருங்கள், அப்புறம் சிற்பப் பட்டறை. திரும்பும் வழியில் வடநெம்மேலி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூடும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கருவாடு வாங்குவதானால் கிளம்பும்போது வாங்குங்கள், செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் கார் முழுக்க மணம் ஒரு வாரத்துக்கு நிற்கும்.